பிளாங்க் வைச்சனீங்களோ, அண்ணை?

அவரைப் பற்றி எழுதுவதென்றால் அவர் கேட்கிற கேள்வியில்தான் தொடங்க வேண்டும். வேறு எதில் தொடங்கினாலும் முகத்தைச் சுழிப்பார்.

கன்டீனில் சோறு குழைந்துபோய்விட்டது என்று யாராவது முறைப்பட்டால், நேற்று எப்படி இருந்தது என்று கேட்பார். பக்கத்து அறைப் பெட்டைக்கு ஒரு பொடியனோடு ஏதோ இருக்குதாம், இப்போதெல்லாம் தனியே இருந்து சிரிக்கிறாளாம் என்று கதை வந்தால், முந்தி அவள் தனியே இருந்து சிரிப்பதில்லையா என்று கேட்பார். முந்திச் சிரித்தாளா இல்லையா என்று யார் கண்டது? கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும். அவர் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் வம்பளப்பு பாதியாகக் குறைந்துபோனது. எனக்கு அதில் கொஞ்சம் கவலைதான். வம்பு கேட்காமல் பின்னேரம் வரை ஓர் ஆய்வுகூடத்தில் இருப்பது லேசான வேலை இல்லை.

தேத்தண்ணி வந்தால் சீனி போடாமல் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். பிறகு சீனி போட்டு இன்னொரு வாய். அதற்குப் பிறகுதான் நல்லது, கெட்டது சொல்வார். பைத்தியக்கார வேலை என்று நான் அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். "சீனி இல்லாமல் எப்பிடி இருக்குமெண்டு தெரியாட்டி, சீனி என்ன செய்தது எண்டு எப்பிடிச் சொல்லுறது அண்ணை?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பதில் கெட்டிக்காரர்.

இதற்கு எங்கள் தொழிலில் பிளாங்க் என்று பெயர். ஒரு குளிசையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிசையை அரைத்துக் கரைத்து, ஒரு சாயத்தைச் சேர்த்து, அடியில் குழாய் வைத்த கண்ணாடிப் புனலில் குளோரோபோமோடு போட்டுக் குலுக்குவோம். மருந்து தன்னோடு சாயத்தையும் கூட்டிக்கொண்டு குளோரோபோமுக்குள் இறங்கிவிடும். அடியில் மஞ்சள் நிறம் தங்கும். மருந்து கூடினால் மஞ்சளும் கூடும். அந்த மஞ்சளை ஸ்பெக்ட்ரோ என்று நாங்கள் கூப்பிடும் இயந்திரத்தில் வைத்தால் அது அளந்து ஓர் இலக்கம் தரும். ஆனால் அதற்கு முதல், குளிசையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் போட்டு ஒரு புனல் குலுக்க வேண்டும். அதுதான் பிளாங்க். மருந்தே இல்லாதபோது என்ன நிறம் என்று தெரிந்தால்தான் மருந்து தருகிற நிறத்தை நம்பலாம். மாணவர்கள் எல்லாரும் இதைக் கடனே என்று செய்வார்கள். இவர் ஒருவர்தான் அதைச் சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் வம்புக்கும் செய்தார்.

நான் அந்தப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அலுமாரிச் சாவியிலிருந்து ஸ்பெக்ட்ரோவின் லைட் வரைக்கும் என் பொறுப்பு. கொடிகாமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவன். மாணவர்களுக்கும் மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்கும், சில விரிவுரையாளர்களுக்கும்கூட நான் அண்ணைதான். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, அதை விட்டு மேற்படிப்புக்கு வந்த பெண். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஒரு குளிசையை நிறத்தை வைத்து அளப்பதுதான் அவருடைய ஆய்வு. வந்த முதல் நாளே அண்ணை என்று கூப்பிட்டார். நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை. பிறகு, கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

வந்த கிழமையே எங்களுக்குள் கொழுவல். அவர் வைத்த பிளாங்க் மஞ்சளாக வந்துவிட்டது. மருந்தே போடாத புனலில் மஞ்சள். கொஞ்சமாகத்தான். அப்படி வந்தால் அந்த இலக்கத்தைக் கழித்துவிட்டு மேலே போவதுதான் வழக்கம். நானும் அதைத்தான் சொன்னேன்.

"உதைக் கழிச்சுப்போட்டு அலுவலைப் பாருங்கோவன்."

"கழிக்கலாம். ஆனால் ஒண்டுமில்லாததுக்கு ஏன் அண்ணை நிறம் வருது?"

அந்தக் கிழமை முழுக்க இதே கேள்விதான். சாயத்தை மாற்றினார். புதிய குளோரோபோம் போத்தல் உடைத்தார். காய்ச்சி வடித்த தண்ணீரைச் சந்தேகப்பட்டார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு என்பது உலகத்துக்கே தெரியும். கேத்தலுக்குள் வெள்ளை படிகிற மாதிரி வடிகலத்துக்குள்ளும் படியும். அதை என்னைக் கொண்டு கழற்றிக் கழுவ வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் கன்டீனில் அவர் இருந்த மேசைக்குப் போகவில்லை. கடைசியில் ஒரு புனலை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து, கொரோனாக் காலத்தில் வாங்கின கைகழுவும் மருந்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பெரிய கானில் மிச்சம் கிடந்தது. வீணாக்கக் கூடாதென்று புனல், போத்தல் எல்லாவற்றையும் எங்கள் பக்கத்தில் அதில்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிருமிநீக்கியும் சாயத்தைக் கூட்டிக்கொண்டு குளோரோபோமுக்குள் இறங்குகிற சாதி. கழுவியும் போகாமல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கு அவர் சிரித்தார். என்னை வென்றுவிட்டேன் என்கிற சிரிப்பில்லை. காணாமல்போன சாவியை உடுப்புப் பொக்கற்றிலேயே கண்டெடுத்தவர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. எனக்கு அவரில் விருப்பம் வந்தது அந்த நேரத்தில்தான். கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அரியாலையில் அம்மாவோடு இருந்தார். பக்கத்து வளவில் பெரியம்மா. தகப்பன் எப்போதோ காலமாகிவிட்டார். அம்மாவும் அதே குளிசையைத்தான் பல காலமாக எடுத்துக்கொண்டிருந்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. சிலர் இந்த வருத்தத்தைக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அவர் சீனி வருத்தம், பிரஷர் கதைக்கிற மாதிரிக் கதைப்பார். அம்மா நல்லாய் இருக்கிறா, கிளினிக்குக்கு ஒழுங்காய்ப் போறா, முற்றம் கூட்டுறா என்பார்.

நோர்வேயில் மேலே படிக்க அவருக்கு இடம் கிடைத்தது. முழுச் செலவும் அவர்களே தருகிறார்கள். எங்கள் பகுதியில் எல்லாருக்கும் கேக் வந்தது. நானும் ஒரு துண்டு எடுத்தேன், கடதாசியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அம்மா சரியத் தொடங்கினார். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று நாடே திண்டாடிய காலம் அது. கிளினிக்கில் வழக்கமான குளிசை முடிந்துபோய், வேறு நிறத்தில் வேறு கொம்பனிக் குளிசை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா விடியவே எழும்புவதில்லை. முற்றம் கூட்டுவதில்லை. கேட்டால் மட்டும் பதில். புதுக் குளிசை மா உருண்டை, அதற்குள் மருந்தே இல்லை என்று பெரியம்மா அடித்துச் சொன்னார். கிளினிக்கில் வரிசையில் நின்ற சனமும் அதையேதான் சொன்னதாம்.

அவர் அந்தப் புதுக் குளிசை அட்டை ஒன்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். பேராசிரியரிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் கொண்டுவந்தார். மேசையில் வைத்துவிட்டு என்னிடம் நேராகவே சொன்னார்: "இதிலை மருந்து குறைவெண்டால் வேறை குளிசை எடுப்பிச்சுக் குடுத்திட்டு நான் போகலாம். அம்மா தெளிஞ்சிடுவா. மருந்து சரியாய் இருந்தால், அம்மாவுக்குத்தான் வருத்தம் கூடிப்போச்சு. விட்டிட்டுப் போக ஏலாது."

நான் தலையாட்டினேன். மருந்து சரியாக இருக்க வேண்டும் என்று என் மனம் கிடந்து துடித்தது. ஒரு மனிசி படுக்கையில் கிடக்கிறார், நான் இப்படி நினைக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அதைத்தான் நினைத்தேன். கன்டீனுக்குப் பின்னால் ஒரு பிள்ளையார் இருக்கிறார், போகிற வழியில் அவரைப் பார்க்காமல் போனேன். பார்த்தால் கேட்டுவிடுவேன் என்று பயம்.

அன்று காலை முதலில் பிளாங்க் வைத்தார். குளோரோபோம் நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரி நின்றது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு மருந்தளவு தெரிந்த கரைசல். பிறகு அம்மாவின் குளிசை. புனலை அவர் குலுக்குகிறபோது நான் பக்கத்தில் நின்று இயந்திரத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேறு பயம். குலுக்கிவிட்டு நிறுத்தி வைத்தார். மேலே இருந்த பால் கலங்கல் மெல்லத் தெளிந்தது. அடியில் மஞ்சள் நின்றது. முத்தின எலுமிச்சம்பழ மஞ்சள். இலக்கம் பார்க்காமலே எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

இலக்கமும் வந்தது. அட்டையில் போட்டிருந்த அளவு அப்படியே இருந்தது. இன்னும் இரண்டு தரம் செய்தார். அதே அளவு. மா உருண்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நல்ல குளிசை.

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோசம் வரவில்லை. அவர் ஸ்ரூலில் இருந்தபடி புனலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கவில்லை. புனலின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கடை அம்மாவுக்குப் பிளாங்க் இல்லை, அண்ணை. என்னைப் பெத்த பிறகுதான் அவவுக்கு இது வந்தது எண்டு பெரியம்மா சொல்லுவா. அதுக்கு முந்தி அவ எப்பிடி இருந்தவ, எப்பிடிச் சிரிச்சவ எண்டு பாக்க நான் இருக்கேல்லைத்தானே. எதிலையிருந்து எதைக் கழிக்கிறது?"

அவர் ஏன் எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வைத்தியர்கள் சொல்வார்கள், அது பிள்ளையின் குற்றமில்லை என்று. அவருக்கும் அது தெரியும், என்னைவிட நல்லாய்த் தெரியும். தெரிந்து என்ன? நான் அலுமாரியைத் திறந்து மூடினேன். ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். சீனி போடாமல்தான் கொண்டுவந்தேன். அதைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

வேறு ஆளாயிருந்தால் அத்தோடு விட்டிருப்பார். மருந்து சரி, அம்மாவுக்குத்தான் கூடிவிட்டது, விதி என்று இருந்திருப்பார். இவர் விடவில்லை. குளிசை சரியென்றால் குளிசைக்கும் அம்மாவுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றார். அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்:

"அம்மா பாக்குவெட்டியாலை வெட்டுறா, அண்ணை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு இருந்து சொன்னார். அம்மா குளிசையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போகிறாராம். தண்ணீர் குடிக்கத்தான் போகிறார் என்று இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறார். பின்னால் போய்ப் பார்த்தால், பாக்குவெட்டியால் குளிசையைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை வாயில் போட்டு, மற்றப் பாதியை மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் இருந்த பால்மாப் பேணிக்குள் போடுகிறார். பேணியில் பாதிக்கு மேல் அரைக் குளிசைகள். ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்த வேலை. குளிசையின் நிறம் மாறினதும் அதே நேரத்தில்தான். எல்லாரும் நிறத்தைப் பார்த்தார்கள், பாக்குவெட்டியை யார் பார்த்தது?

ஏன் அம்மா இப்பிடிச் செய்யிறியள் என்று கேட்டாராம். அம்மா அவரை விநோதமாகப் பார்த்துவிட்டு, "பாதையைப் பூட்டினால் என்ன செய்யிறது பிள்ளை?" என்று கேட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சண்டைக் காலத்தில் வெளியில் போகிற பாதை பூட்டி, சாமான் வராமல் கிடந்தபோது இங்கே இருந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். சவர்க்காரத்தை நூலால் வெட்டிப் பாதி வைத்தோம். மெழுகுதிரியைப் பாதியில் அணைத்தோம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அரைப் பனடோல்தான் முதலில் தருவார்கள். ஆய்வுகூடத்திலும் அந்தக் கிருமிநீக்கிக் கானை எறிய மனம் வராமல்தானே புனல் கழுவினோம். எங்களில் யார் போய் அந்த மனிசிக்குப் புத்தி சொல்வது?

கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் ஏசவில்லையாம். மெல்ல மெல்ல முழுக் குளிசைக்குக் கொண்டுவந்தார். மகள் பாக்குவெட்டியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பேணியை மட்டும் பறிக்கவில்லை. அரைகளை எடுத்துவிட்டு, வைத்தியரிடம் கேட்டு ஒரு மாதத்துக்கு முழுக் குளிசையாக அதற்குள் வைத்துக் கொடுத்தார். பாதை பூட்டினாலும் ஒரு மாதம் தாங்கும் என்று சொன்னாராம். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றாராம்.

சில கிழமைகள் கழித்து ஒருநாள் காலை ஆய்வுகூடத்துக்குள் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பையைக்கூட இறக்காமல், "அம்மா மீன்காரரோடை சண்டை பிடிச்சவ!" என்றார். படலையில் நின்று, இது நேற்றைய மீன், கண்ணைப் பார் என்று அம்மா கிழிகிழியென்று கிழித்தாராம். மீன்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு இறால் கூடப் போட்டுவிட்டுப் போனாராம். இதைச் சொல்லும்போது அவருடைய முகம் இருந்த இருப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. "முந்தியும் இப்பிடித்தான் இருந்திருப்பா போலை, என்ன அண்ணை?" என்று கேட்டார். ஓம் என்றேன். அந்த ஓம் சொன்னபோது, அவர் போகப்போகிறார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

போனார். போவதற்கு முதல் நாள் என்னிடம் ஒரு வேலை தந்தார். கிளினிக்கில் குளிசை அடிக்கடி மாறுகிறது, மாதம் ஒருக்கா பேணியிலிருந்து ஒரு குளிசை எடுத்து அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். பேராசிரியரிடம் கேட்டுவிட்டாராம். வழியில்தானே அரியாலை என்றேன். உண்மையில் வழியில்தான். கொடிகாமத்திலிருந்து வருகிற எவனுக்கும் அரியாலை வழிதான்.

அவர் போய் இது இரண்டாவது மாரி. மாதம் ஒருக்கா போகிறேன். அம்மா படலையைத் திறந்து, "வாரும் தம்பி" என்பார். பேணியை எடுத்து வந்து ஒரு குளிசையைத் தாளில் சுற்றித் தருவார். பிளேன்ரீ தருவார். நான் சீனி போடாமல் ஒரு வாய் குடிப்பேன். எப்போது எனக்கு அந்தப் பழக்கம் தொற்றியது என்று தெரியவில்லை. பிறகு ஆய்வுகூடத்துக்கு வந்து அவர் நின்ற மேசையில், அவர் குலுக்கின புனலில், அவர் செய்தபடியே செய்வேன். மஞ்சள் வரும். அதை ஜன்னலில் பிடித்துப் பார்ப்பேன். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் இந்த வருடத்துப் பெட்டைகள் யாராவது நிற்பார்கள், என்ன அண்ணை தேடுறியள் என்பார்கள். சாவி என்பேன்.

வட்ஸ்அப்பில் இலக்கத்தை அனுப்புவேன். சுகமா என்று கேட்டு எழுதி, அழித்து, இலக்கத்தை மட்டும் அனுப்புவேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வரும்: "பிளாங்க் வைச்சனீங்களோ அண்ணை?" வைத்தேன் என்பேன். ஒரு பெருவிரல் படமும் நன்றியும் வரும். அவ்வளவுதான். அடுத்த மாதம் வரைக்கும் அதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அந்தக் கேள்வியில் அண்ணை என்கிற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு வாசித்துப் பார்ப்பேன். சிரியாதேங்கோ.

நேற்றும் போனேன். மழை விட்டிருந்தது. அம்மா முற்றத்தில் நின்று தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து குளிசையைத் தந்தார். நான் வெளிக்கிட்டேன். படலை வரை வந்தவர், சும்மா கதைக்கிற மாதிரியே சொன்னார்:

"தம்பி, குளிசை எல்லா மாதமும் சரியாய்த்தானே இருக்கு. அவள் கோல் எடுத்தால் குளிசையைப் பற்றிக் கேக்கிறேல்லை. உம்மைத்தான், வந்தவரோ, இருந்தவரோ, என்ன கதைச்சவர் எண்டு கேப்பாள். மெலிஞ்சு போனாரோ எண்டு போன மாதம் கேட்டவள்."

நான் ஹெல்மெட்டைப் போட்டேன். முகத்தை மறைக்க வேறு வழி இருக்கவில்லை. நாவற்குழிப் பக்கம் திருப்பிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான், நான் போக வேண்டியது யாழ்ப்பாணப் பக்கம் என்று உறைத்தது.

ஆய்வுகூடத்துக்கு வந்து குளிசையை அளந்தேன். இலக்கத்தை அனுப்பினேன். வழக்கமான கேள்வி வந்தது, பிளாங்க் வைச்சனீங்களோ அண்ணை என்று. மேசையைப் பார்த்தேன். ஒரு புனல்தான் நனைந்திருந்தது. இத்தனை வருட வேலையில் இப்படி நடந்ததில்லை. பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை, மறந்துபோனன்" என்று எழுதினேன்.

நனைந்த புனலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பிறகு வந்தது:

"அப்ப என்ன நடந்தது?"

அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் அண்ணை இல்லை. நான் எடுத்துவிட்டு வாசிக்கவில்லை, அவரே போடவில்லை.

அதற்குப் பதில் எழுதத்தான் இருந்தேன். அது இவ்வளவு நீளமாகிவிட்டது. நாளைக் காலை முதல் வேலையாகப் பிளாங்க் வைத்துவிட்டுத்தான் இதை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர் இதில் ஒரு சொல்லையும் நம்பமாட்டார்.